பழனி லைனில் ஷார்ஜா

திண்டுக்கல், பேகம்பூர்.
வியாழக்கிழமை, மாலை அஸர் தொழுதுவிட்டு.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை முனீர் அவர்களுக்கு மாமனார் அப்துல் கையூம் எழுதிக்கொள்வது.

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் உங்கள் மாமி காதர் பீவியும் உடம்புக்குச் சுகம். மனசுக்குச் சுகமில்லை. அங்கு பாலைவனத்து வேலைத்தளத்தில் நீங்களும், ஷார்ஜா வீட்டில் தனியாக இருக்கும் எங்கள் மகள் முஹ்சினாவும், அவள் வயிற்றில் உள்ள பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் துஆ கேட்டுக்கொண்டிருந்தேன். இன்றைக்கு இடைப்பட்ட நேரங்களிலும் கேட்கிறேன். காரணம் கீழே வருகிறது. கையில் டீ இருந்தால் முதலில் அதைக் குடித்து முடித்துவிடவும்.

இதைப் போனில் சொல்லாமல் ஈமெயிலில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. போனில் பேசினால் நான் சமாளித்துவிடுவேன். லாரி செட்டில் முப்பது வருஷம் புக்கிங் கிளார்க்காக இருந்தவன், பண்டலைக் காணோம் என்று சண்டைக்கு வருகிறவரை உட்கார வைத்து, பிள்ளைகுட்டியை விசாரித்து, வந்த காரியம் மறந்துபோகும்படி அனுப்பிப் பழகியவன். உங்களிடம் அந்த வேலையைக் காட்டக் கூடாது. ஆகவே எழுத்திலேயே ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் என்னை நம்பி ஒப்படைத்த இன்டர்நெட் ஃபோரத்தை நான் கெடுத்துவிட்டேன். அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. முஹ்சினா ஊருக்கு வர வேண்டிய விமான சீட்டையும் கெடுத்துவிட்டேன்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான் என்றாலும் முறையாகச் சொல்கிறேன். 'போயிட்டு வாங்க' என்ற அந்த ஃபோரத்தைக் கட்டியவள் முஹ்சினா, காலேஜில் படிக்கும்போது. எங்கே விமான டிக்கெட் மலிவு, எந்த ஊரில் ரூம் சல்லிசு என்று ஆளாளுக்குத் துப்புக் கொடுத்து, நிக்காஹ் முடிந்த பிறகு நீங்கள் இருவருமாக நடத்தி, அது பெரிய கூட்டமாகிவிட்டது. அவள் உண்டானதும், செல்போனைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது என்றாள். அதைக் கேட்ட உங்கள் மாமி, பிள்ளை பிறக்கிறவரை போனைத் தொடக் கூடாது, பேச மட்டும்தான் எடுக்கலாம் என்று இங்கிருந்தே சட்டம் போட்டுவிட்டாள். நீங்கள் வேலைத்தளத்துக்குப் போகும்போது, ரிட்டயர் ஆகி வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு இரண்டே காரியம் சொன்னீர்கள். "எல்லாம் ஒரே குவியலாக் கெடக்கு மாமா, ஏரியா வாரியாப் பிரிச்சு வச்சிருங்க" என்றது ஒன்று. ஷார்ஜாவிலிருந்து கோயம்புத்தூருக்கு ஓர் ஏஜென்ட் நம் ஃபோரம் ஆட்களுக்கென்று கொஞ்சம் சீட்டு ஒதுக்குவார், அந்த அறிவிப்பு வந்ததும் எனக்குச் சொல்லுங்கள், முஹ்சினாவை அதில் அனுப்பிவிடலாம் என்றது மற்றொன்று. பள்ளிக்கூட லீவு என்பதால் வேறு விமானம் எல்லாம் நிரம்பிவிட்டது, ஏழாம் மாதம் முடிந்துவிட்டால் விமானத்தில் ஏற்றவும் யோசிப்பார்கள் என்றும் சொன்னீர்கள். எனக்கு எல்லாம் நன்றாக நினைவிருக்கிறது. நினைவில் குறை வைக்காத அல்லாஹ் புத்தியில் வைத்துவிட்டான்.

ஏரியா வாரியாக என்றால் என்ன என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. முப்பது வருஷம் அதையே செய்தவனுக்குக் கேட்கத் தோன்றுமா, நீங்களே சொல்லுங்கள். எங்கள் செட்டில் சுவரோரமாகச் சரக்கு லைன் லைனாக நிற்கும். மதுரை லைன், திருச்சி லைன், கரூர் லைன், பழனி லைன், வத்தலக்குண்டு லைன். திண்டுக்கல்லை விட்டு வண்டி எந்த ரோட்டில் வெளியேறுகிறதோ அதுதான் லைன். அதற்கு அப்பால் ஊர் எம்புட்டுத் தூரத்தில் இருந்தாலும் எங்களுக்குக் கவலை இல்லை. நாகர்கோவில் போகிற பண்டலும் மதுரை லைன்தான். உலகத்தையும் அப்படியே பிரித்தேன். கொழும்புக்கும் துபாய்க்கும் மதுரையில் விமானம் ஏறலாம், அவை மதுரை லைன். சிங்கப்பூர், மலேசியா திருச்சி லைன். லண்டன், பாரிஸ், அமெரிக்கா போகிறவர்கள் பெங்களூர் போய் ஏற வேண்டும், பெங்களூருக்குக் கரூர் வழியாகப் போக வேண்டும், ஆகவே அவை கரூர் லைன். காஷ்மீரும் கரூர் லைன். கோயம்புத்தூரில் ஏறுகிற ஷார்ஜா, பழனி லைன். வத்தலக்குண்டு லைனில் கொடைக்கானலும் மூணாறும் மட்டும் நின்றதால் அது வெறிச்சென்று தெரிந்தது. பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று அந்தமானைத் தூக்கி அதில் போட்டேன், பிறகு மனசாட்சி உறுத்தி எடுத்துவிட்டேன். வேலையை முடித்துவிட்டுப் பார்த்தபோது அம்புட்டு அழகாக இருந்தது மாப்பிள்ளை. உங்கள் மாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அடுப்புல வெஞ்சனம் கருகுது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாளே ஆரம்பித்தது. பாரிஸுக்குத் தேனிலவு போக இருந்த சென்னைப் புதுமணத் தம்பதி, தாங்கள் ஏன் முதலில் கரூருக்குப் போக வேண்டும் என்று கேட்டார்கள். நீங்கள் போக வேண்டாம், திண்டுக்கல்காரர்கள் மட்டும் போனால் போதும் என்று பதில் போட்டேன். அப்படியானால் எங்களுடைய பாரிஸ் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று போட்டேன். கனடாவில் இருக்கும் ஒருவர், தன் ஊர் கரூர் லைனில் இருப்பதைப் படம் பிடித்து ஆபீஸ் சுவரில் ஒட்டி வைத்திருப்பதாக எழுதினார். அது பாராட்டா கேலியா என்று தெரியாததால் நன்றி என்று மட்டும் போட்டேன். வேலூர்க்காரர் ஒருவர் எழுதியதை மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதும் கடிதத்தில் எழுத முடியாது.

இதற்கு நடுவில் ஆயக்குடியில் கொய்யாத் தோட்டம் வைத்திருக்கும் சுருளிவேல் என்பவர் உள்ளே வந்து சேர்ந்தார். அவருக்கு நான் செட்டில் இருந்த காலத்திலிருந்தே பழக்கம். ரிட்டயர் ஆன கையூம் பாய் இப்போது கம்ப்யூட்டரில் பழனி லைன் நடத்துகிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஷார்ஜா டிக்கெட்டுக்குக் கீழே, "ஏனுங்க பாய், கொய்யாப் பொட்டி கொஞ்சம் கெடக்குதுங்க, கோயமுத்தூர் மார்க்கெட்டுக்கு வண்டி எப்பங்க?" என்று போட்டுவிட்டார். இது அந்த மாதிரி இடம் இல்லை என்று நான் நீக்கியிருக்க வேண்டும். ஆனால் பழக்கதோஷம், மாப்பிள்ளை. பெட்டியில் பேரும் ஊரும் தெளிவாக எழுதவும் என்று பதில் போட்டுவிட்டு, தெரிந்த டிரைவருக்குப் போனும் போட்டுவிட்டேன். பெட்டி போய்ச் சேர்ந்தது. அவர் சும்மா இருப்பாரா, ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அதன் பிறகு நெய்க்காரப்பட்டித் தேங்காயும் அகரத்துப் பூக்கூடையும் ஒட்டன்சத்திரம் முருங்கைக்காயும் ஃபோரத்தில் ஏறிவிட்டன. ஷார்ஜா போகிற ஆட்கள் முருங்கைக்காயைத் தாண்டித்தான் டிக்கெட்டைத் தேட வேண்டியிருந்தது. உண்மையைச் சொன்னால், ரிட்டயர் ஆன பிறகு அந்த வாரம்தான் எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது. அந்த சந்தோஷத்தில்தான் அசந்துவிட்டேன்.

இதுவரை சொன்னது சில்லறைத் தப்பு. பெரிய தப்பு இனிமேல்தான். செத்த நேரம் மூச்சு வாங்கிக்கொள்கிறேன்.

செட்டில் புக்கிங் முன்பக்கம், இறக்கம் பின்பக்கம். வெளியூரிலிருந்து வந்து இறங்கும் சரக்கைப் போகிற சரக்கோடு கலக்கக் கூடாது. கலந்தால் வந்த பண்டல் மறுபடியும் வண்டி ஏறி வந்த ஊருக்கே போய்விடும். அதனால் இறக்கத்தைத் தனியாகப் பூட்டி வைப்போம், சரக்குக்கு உரியவர் வந்து ரசீதைக் காட்டினால்தான் கதவு திறக்கும். ஃபோரத்திலும் முறையாக இருக்கட்டும் என்று, வெளிநாட்டிலிருந்து நம் பக்கம் வருகிற டிக்கெட் அறிவிப்பு எல்லாம் தானாகவே போய் விழும்படி 'இறக்கம்' என்று ஒரு பகுதி அமைத்தேன். பக்கத்தில் பூட்டுப் படம் ஒன்று இருந்தது. திண்டுக்கல்காரன் பூட்டைப் பார்த்தால் சும்மா இருப்பானா? போட்டுவிட்டேன். ஃபோரத்தை நிர்வாகம் செய்கிறவர்களைத் தவிர யாருக்கும் அது கண்ணில் படாது என்று அதிலேயே எழுதியிருந்தது. ரொம்ப நல்லது, பத்திரம் என்று நினைத்தேன். உரியவர் வந்து கேட்டால் கொடுக்கலாம் என்று இருந்தேன். ஒருவரும் வரவில்லை. உள்ளே சரக்கு இருப்பதே ஒருவருக்கும் தெரியாது என்பது எனக்கு உறைக்கவில்லை.

இன்று காலை குவைத்திலிருந்து ஒருவர், "போறதுக்கு இம்புட்டு லைன் இருக்கே பாய், வர்றதுக்கு வழி எங்க?" என்று கேட்டார். அதைப் படித்ததும் ஓடிப்போய் இறக்கத்தைத் திறந்தேன். முதலில் கிடந்தது நம் ஏஜென்ட்டின் அறிவிப்பு. போன வாரமே வந்து விழுந்திருக்கிறது. கெடு நேற்றோடு முடிந்துவிட்டது. நான் நேற்றெல்லாம் முருங்கைக்காய்க்கு வண்டி பார்த்துக்கொண்டிருந்தேன். அறிவிப்புக்குக் கீழே அவர் இன்னொரு வரி சேர்த்திருந்தார். ஒரே ஒரு சீட்டுத்தான் போனது, மீதியை விமானக் கம்பெனிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டோம், இனி உங்கள் ஃபோரத்துக்கு ஒதுக்குவது யோசித்துத்தான் என்று.

ஒரு சீட்டு மட்டும் எப்படிப் போனது? பூட்டிக் கிடந்த இடத்தில் கை வைத்தவன் யார்? என் காலத்தில் செட்டில் ஒரு பொட்டலம் களவு போனதில்லை. என் மகள் உட்கார வேண்டிய சீட்டில் எவனோ உட்கார்ந்து வரப்போகிறான் என்று நினைத்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. வாயில் வராத வார்த்தை வந்துவிட்டது, அல்லாஹ் மன்னிக்க வேண்டும். சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன். அந்தச் சீட்டை எடுத்த ஆளுக்குக் கால் வீங்கட்டும், வழியெல்லாம் குமட்டட்டும், ஒரு பொட்டுத் தூக்கம் இல்லாமல் பக்கத்திலேயே ஒரு குழந்தை வீல் வீல் என்று அழுதுகொண்டே இருக்கட்டும் என்று சாபம் விட்டேன்.

உங்கள் மாமியிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் இல்லை. மகள் வந்து தங்குவதற்கு உள்ரூமுக்கு வெள்ளையடித்துவிட்டாள். பிரசவ மருந்துக்கு மாடியில் சுக்கு காயப் போட்டிருக்கிறாள். மாடியில் சுக்கு காய்கிறது, கீழே நான் காய்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. நீங்கள் வார லீவுக்குத்தான் ஷார்ஜா வருகிறீர்கள். மற்ற நாளில் முஹ்சினாவுக்கு வலி கண்டால் யார் கதவைத் தட்டுவார்கள், யார் கூடப் போவார்கள் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. தலைப்பிள்ளைக்குத் தாய் வீட்டுக்கு வர வேண்டியவளை, அவளைப் பெற்றவனே பூட்டுப் போட்டுத் தடுத்துவிட்டேன்.

ஆகவே என்னிடமிருந்து அந்த ஃபோரத்தை உடனே வாங்கிக்கொள்ளவும். உலகத்தை அது முன்பு கிடந்தபடியே குவியலாகப் போட்டுவிடவும். கோயம்புத்தூர் இல்லாவிட்டால் மதுரை, திருச்சி, கொச்சி என்று எந்த லைனிலாவது ஒரு சீட்டுக் கிடைக்குமா என்று பார்க்கவும். எங்கே இறங்கினாலும் நான் போய் நிற்பேன். என் மேல் கோபம் இருந்தால் என்னோடு நிற்கட்டும், மாமியிடம் பேசும்போது குரலில் காட்ட வேண்டாம். இறைவன் உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளையும், உங்களுக்கு இந்த மாமனாரைப் பொறுத்துக்கொள்ளும் மனசையும் தருவானாக. ஆமீன்.

இப்படிக்கு, தலைகுனிந்து,
அப்துல் கையூம்.

பி.கு.: மேலே உள்ள எதையும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம். அழித்துவிடலாம்தான், ஆனால் புக்கிங் கிளார்க் எழுதியதை அழிக்கக் கூடாது, கீழே திருத்தித்தான் எழுத வேண்டும். பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குக் கிளம்பும்போது முஹ்சினா போன் போட்டாள். "அத்தா, ஞாயித்துக்கெழம கோயமுத்தூர்ல எறங்குறேன், காருக்குச் சொல்லி வைங்க" என்றாள். எந்தச் சீட்டு, எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். "நான் கட்டுன ஃபோரத்துக்கு எங்கிட்ட சாவி இருக்காதாத்தா? நீங்க பூட்டி வச்சதாலதான் கெடச்சுச்சு. தொறந்து கெடந்தா அன்னைக்கே அள்ளிட்டுப் போயிருப்பாங்க" என்றாள். விமானம் ஏறலாம் என்று டாக்டரிடம் எழுதியும் வாங்கிவிட்டாளாம். போனைத் தொட்டது அம்மாவுக்குத் தெரியக் கூடாதாம். நீங்கள் இந்த வார லீவுக்கு ஷார்ஜா வரும்போது திடீரென்று சொல்லி அசத்த வேண்டும் என்று இருக்கிறாள், ஆகவே தயவுசெய்து அசந்துபோனது போல் நடந்துகொள்ளவும். ஏஜென்ட்டிடம் நானே பேசி மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இறக்கத்தின் பூட்டை எடுத்துவிட்டேன், லைன்களைத் தொட வேண்டாம். சென்னைத் தம்பதிக்காகச் சென்னை லைன் ஒன்றும் போட்டுவிட்டேன். லக்கேஜுக்கும் கவலை இல்லை, அன்றைக்குச் சுருளிவேலின் கொய்யாவை ஏற்றிப் போகிற வண்டி கோயம்புத்தூரில் இறக்கிவிட்டுக் காலியாகத்தான் திரும்புகிறது.

சாபத்தையும் வாபஸ் வாங்கிவிட்டேன். கால் வீக்கமும் குமட்டலும் அவளுக்கு ஏற்கெனவே இருந்தவை, என்னால் வந்தவை அல்ல. பக்கத்திலேயே ஒரு குழந்தை அழ வேண்டும் என்று சொன்னேனே, அதை மட்டும் திருப்பி வாங்கவில்லை. அது பேகம்பூரில், வெள்ளையடித்த அந்த ரூமில், நான் வாசலில் நிற்கும்போது அழட்டும்.