வானத்துரையிடம் அகப்பட்ட கப்பல் குடும்பம்

தேயிலை மலையிலிருந்து கடுகண்ணாவையை நோக்கி இறங்கி நடந்தபோது, வழி நெடுக ஒரே மனிதரைத்தான் திட்டிக்கொண்டு வந்தேன். ஊர் ஊராய்ப் பிழைப்புத் தேடி அலைபவன் நான். எத்தனையோ முதலாளிகளையும் அட்டைக்கடிகளையும் சகித்திருக்கிறேன். ஆனால் வானத்துரையைப் போல் இன்னொருவரைக் கண்டி மாவட்டம் தாங்காது.

அந்த மலைமேல் ஒரு வெள்ளைக்காரத் துரை நட்சத்திரம் பார்க்கக் கட்டிய வானாய்வுக்கூடம் இருக்கிறது. வட்டச் சுவர், கயிறு இழுத்தால் திறக்கும் தகரக் கூரை, நடுவே பீரங்கி மாதிரி ஒரு தொலைநோக்கி. அதன் காவல்காரர்தான் இவர். வானமே தன் பொறுப்பில் இருப்பதுபோல நடப்பதால், தோட்டத்து ஆட்கள் வைத்த பெயர் வானத்துரை.

நான் சுற்றுலா வேன் ஒன்றில் வழிகாட்டியாக இருந்தேன். கொழும்பில் நின்ற கப்பலிலிருந்து சென்னைக் குடும்பம் ஒன்று இறங்கியது: அப்பா, அம்மா, கல்லூரியில் படிக்கும் மகள். அப்பாவுக்கு நட்சத்திரப் பைத்தியம். புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகை வேண்டாம், பழைய தொலைநோக்கியில் பகல் நிலாவைப் பார்த்தாக வேண்டும் என்றார். சாயங்காலம் கப்பல் புறப்பட்டுவிடும். நேரத்துக்குத் திரும்பாவிட்டால் என் வேலை போய்விடும் என்று வேன் முதலாளி சொல்லியிருந்தார்.

வானத்துரை வாசலிலேயே மறித்தார். "செருப்ப கழட்டுங்க. காலு கழுவுங்க. அம்மா, அந்தப் பக்கமா இல்லீங்க, வலமா சுத்தி வாங்க!"

எல்லோருக்கும் விபூதி பூசினார். கூரை பாதியில் சிக்கியது. அதற்கு ஒரு தேங்காய் உடைத்தார்.

ஒருவழியாக அப்பா கண்ணை வைத்தார். "ஒரே இருட்டா இருக்கே?"

"மேகமுங்க. செத்த பொறுங்க, போயிரும்."

வெளியே மூடுபனி இருந்தது உண்மைதான். காத்திருந்தோம். பால் விடாத பிளேன்டீ வந்தது. மறுபடியும் பிளேன்டீ வந்தது.

"ஏங்க, கப்பல் போயிடும்ங்க!" என்றார் அம்மா.

"அஞ்சு நிமிஷம்மா!"

"அண்ணே, இவங்கள விடுங்க" என்று கெஞ்சினேன்.

"நிலாவ அவசரப்படுத்தக் கூடாது தம்பி."

பனி விலகியது. கூரைப் பிளவில் தேய்பிறை நிலா வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. தொலைநோக்கியில் மட்டும் அதே இருட்டு. மகள் முக்காலியில் ஏறி அதன் மறுமுனையைப் பார்த்தாள்; சிரிப்பை அடக்க முடியாமல் இறங்கினாள். நானும் ஏறிப் பார்த்தேன். கண்ணாடி முழுக்கச் சந்தனம், நடுவில் குங்குமம். ஆயுத பூசைக்கு ஃபேக்டரி மெஷின்களுக்குப் பொட்டு வைப்பதுபோல, வருடா வருடம் இதற்கும் வைத்திருக்கிறார். பழையதைத் துடைத்ததே இல்லை. அடை மாதிரிக் காய்ந்து கிடந்தது.

"என்னண்ணே இது?"

"நெத்தியில வைக்காம வேற எங்க வைக்கிறது?"

"அப்ப இத்தன வருசமா என்னத்த பாத்தீங்க?"

"இருட்டத்தான். வானமுன்னா இருட்டுத்தானே?"

துடைக்கப் போனேன். பூசை போட்டதைத் தொடாதே என்று குறுக்கே நின்றார். அம்மா, அப்பாவை இழுத்துக்கொண்டு வேனுக்கு ஓடினார். அதற்குள் முதலாளியின் போன் வந்தது. போனிலேயே என் வேலை போயிற்று. வேன் என்னை விட்டுவிட்டுப் பறந்தது.

சாயங்காலம் வேன் சாரதி போனில் பேசினான்: "ஏணிய தூக்குற நேரத்துல ஏத்திட்டேன்டா!" எனக்கு மூச்சு வந்தது. கடுகண்ணாவை ரயில் நிலையத்து வாங்குப் பலகையில் படுத்தேன். கொசுக்கடி இருந்தது, மற்றபடி நல்ல வாங்கு.

விடிந்ததும் எதிரே வானத்துரை நின்றார். கையில் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும்.

"தம்பி, நிலா அதுக்குள்ள நெசமாவே தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப நீயே தொடச்சிரு. என் கையால அழிக்க மனசு வரல. அங்கேயே வேலைக்கு இரு, தோட்டத்து ஆபீஸ்ல நான் சொல்லிக்கிறேன்."

அன்று காலையே சேர்ந்தேன். ஈரத்துணியால் துடைத்து முடித்ததும் அவர் கண்ணை வைத்தார். அதன்பிறகு எடுக்கவே இல்லை. விட்டால் மூடிவிடும் என்று நான் கூரைக் கயிற்றை இழுத்துப் பிடித்து நின்றேன். கை மரத்துப்போயிற்று. ஆனாலும் நிலா மலைக்குப் பின்னால் இறங்கும் வரை நான் கயிற்றை விடவில்லை.