புல்வெட்டும் வண்டிக்குள் ஆவி

மைதானத்தில் அன்று ஆட்டம் எதுவும் இல்லை. ஆனாலும் எள் போட்டால் விழாத கூட்டம். எல்லாரும் பார்க்க வந்தது ஒரு புல்வெட்டும் வண்டியை. மன்னிக்கவும், அதற்குள் குடியிருக்கும் ஆவியை!

வண்டியை ஓட்டியவர் போன மாதம் மாரடைப்பில் இறந்துபோனார். மரியாதைக்காக அவர் தொப்பியை இருக்கையில் வைத்தார் மைதானச் செயலாளர். பிறகு பக்கத்தில் நின்றபடியே சாவியைத் திருகினார். வண்டி முனகக்கூட இல்லை. காவலாளி திருகினார், ஊஹூம். பேட்டரி புதிது, பெட்ரோல் நிறைய. அப்படியானால் ஆவிதானே? படித்த செயலாளரின் கணக்கு அப்படி.

போன வாரம் வந்து இறங்கினார் பேயோட்டும் எஞ்சின் சாமி. தரையைக் கூட்டும் அங்கி, கழுத்தில் டாக்டர் குழாய். எஞ்சினில் குழாயை வைத்துக் கேட்டார். தொப்பியைப் பயபக்தியோடு எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இருக்கையில் அமர்ந்தார். சாவியைத் திருகினார். டபடபவென்று கிளம்பியது வண்டி! எழுந்தார், நின்றது. கூட்டம் புல்லரித்துப்போனது. மறுநாளே ஓடாத மிக்ஸியும் தையல் மிஷினும் காணிக்கையோடு வரிசையில் நின்றன.

"இது அவரோட ஆசனம். வேற யார் உக்காந்தாலும் ரத்தம் கக்கிச் சாவீங்க!" என்றார் சாமி. கூட்டம் கூடிய அன்று புது உத்தரவு: "அவரோட சம்சாரம் இந்த வண்டிக் கொட்டகைக்குப் பின்னால ரூம்ல இருக்கறவரைக்கும் ஆவி போகாதாம். அவங்க காலி பண்ணட்டும். நான் அங்க தங்கி ஆவியைச் சாந்தப்படுத்தறேன்."

ஜன்னலருகே நின்ற அந்தச் சம்சாரத்துக்கு வயிறு எரிந்தது. அந்த ரூமை விட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை. அதைவிட எரிந்தது இன்னொன்று. தவளை குறுக்கே வந்தால்கூட வண்டியை நிறுத்துகிற மனுஷன், ரத்தம் கக்க வைப்பாராமே!

அவள் அழவில்லை; பார்த்தாள். எல்லாரும் நின்றுகொண்டு திருகுகிறார்கள். சாமி மட்டும் உட்கார்ந்து திருகுகிறார். அங்கிக்கடியில் கால் என்ன செய்கிறது?

வெளியே வந்தாள். "உங்கள மட்டும்தான் அவர் ஏத்துக்குவாரா, சாமி?"

"தவம் பண்ணின உடம்பு வேணும்மா."

"அப்படியா?" கொட்டகையிலிருந்து உர மூட்டை ஒன்றை இழுத்துவந்து இருக்கையில் ஏற்றினாள். கூட்டம் "ஐயோ!" என்றது. பிரேக் மிதியை ஒரு காலால் அழுத்திச் சாவியைத் திருகினாள்.

டபடபடப!

காலை எடுத்தாள், ஓடியது. மூட்டையைக் கீழே தள்ளினாள், நின்றது.

"ஓட்டற ஆள் தவறி விழுந்தா பிளேடு அவர் மேலயே ஏறிடக் கூடாதுன்னு செஞ்சு வெச்ச ஏற்பாடு இது. சீட்டுல கனம் இல்லன்னா நின்னுடும். பிரேக்கை மிதிச்சாத்தான் கிளம்பும். மிதிச்ச காலை உங்க அங்கி மறைச்சுது. சரி, இந்த மூட்டை எந்தக் காட்டுல தவம் பண்ணுச்சு, சாமி?"

சாமி நழுவப் பார்த்தார். தையல்காரர் அவர் குழாயைக் கொத்தாகப் பிடித்தார். "என் காணிக்கையை வெச்சுட்டுப் போய்யா!"

செயலாளர் அசடு வழிந்தார். "ரூம் உங்களுக்குத்தாம்மா. யாரும் கேக்க மாட்டோம்."

"ஒருத்தராவது உக்காந்து மிதிச்சுப் பாத்திருந்தா என்னைத் தெருவுல நிறுத்தப் பாத்திருப்பீங்களா?" என்றாள் அவள். அதற்குள் முன்வரிசையில் ஒருவர் மூட்டையைப் பார்த்துக் கைகூப்பிக் கண்ணை மூடிவிட்டார்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயா, அது உரம்! செடி வளரப் போடறது. மூளைக்கும் வேணும்னா ரெண்டு கை அள்ளிட்டுப் போங்க!"