மஞ்சுநாத் வீட்டில் இல்லை

எனக்குக் கன்னடம் தெரியும் என்று நானே நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அந்த நம்பிக்கையின் புண்ணியத்தில், கல்யாணம் ஆவதற்கு முன்பே எனக்கு ஒரு புருஷன் கிடைத்தார். அவருக்கு ஒரு பைக் இருந்தது. அந்த பைக்குக்கு மூன்று மாத டியூ பாக்கி இருந்தது. அவரை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

அப்போது ஓசூரில் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் க்யூசி வேலையில் இருந்தேன். லைனில் வரும் பாகங்களை எடுத்து, அளந்து பார்த்து, சரியில்லாததில் 'ரிஜெக்ட்' என்று சிவப்பு அட்டையை மாட்டி ஓரமாக வைக்க வேண்டும். ஊர் நாகரசம்பட்டி. வாரத்தில் ஆறு நாள் ஓசூர் ஹாஸ்டல், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீடு. ஹாஸ்டல் அறையில் என்னோடு இருந்த இரண்டு பேரும் கன்னடக்காரிகள். அவர்களிடம் ஊறுகாயும் ஷாம்பூவும் கேட்டு வாங்கும் அளவுக்குக் கன்னடம் கற்றுக்கொண்டு, பெங்களூர் போய் மேடையே ஏறலாம் என்ற நினைப்பில் திரிந்தேன்.

வேலையில் சேர்ந்த புதிதில் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கடையில் புது சிம் வாங்கினேன். கடைக்காரர் பத்து நம்பர் காட்டினார். ஒன்று மட்டும் வாயில் பாட்டு மாதிரி நின்றது. "இது ஃபேன்சி நம்பர்மா, ஐம்பது ரூபா கூட ஆகும். ராசியான நம்பர்" என்றார். கொடுத்தேன். (யாருக்கு ராசி என்று கேட்டிருக்க வேண்டும்.) அந்த நம்பரை எனக்கு முன்னால் மஞ்சுநாத் என்ற ஒருவர் வைத்திருந்து, கொஞ்ச நாள் ரீசார்ஜ் செய்யாமல் விட்டு, அது சுற்றிக்கொண்டு என் கைக்கு வந்திருக்கிறது என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

ஒருநாள் மதியம் கேன்டீனில் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தபோது போன் வந்தது.

"மேடம், மஞ்சுநாத் இதாரா?"

மஞ்சுநாத் இருக்கிறாரா என்று அர்த்தம். 'ராங் நம்பர்' என்று சொல்லி வைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் எதிரில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் கன்னடத்தை அவர்களும் கேட்கட்டுமே என்று ஒரு கொழுப்பு. எங்கள் வீட்டில் அப்படி யாரும் கிடையாது என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு, "மஞ்சுநாத் மனெயல்லி இல்ல" என்றேன்.

"எல்லி ஹோகிதாரெ?" எங்கே போயிருக்கிறார் என்றார்.

"நனகெ கொத்தில்ல." எனக்குத் தெரியாது. உண்மையைத்தானே சொன்னேன்.

"வண்டி டியூ பாக்கி இதெ, அல்வா?" வண்டிக்குத் தவணை பாக்கி இருக்கிறதாம்.

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. சாம்பார் சாதம் வேறு ஆறிக்கொண்டிருந்தது. போனை கட் பண்ணுகிறேன் என்பதைக் கண்டிப்பான குரலில், "நானு கட்தீனி" என்றேன்.

"யாவாக?" எப்போது என்று கேட்டார். போனை கட் பண்ணுவதற்கு நேரம் கேட்கிற ஆளை அன்றுதான் பார்த்தேன்.

"ஈகலே" என்றேன். இப்போதே என்று அர்த்தம். சொன்னபடி கட் பண்ணினேன். எதிரில் இருந்தவர்கள் அசந்துபோய்ப் பார்த்தார்கள்.

சாயங்காலம் ஹாஸ்டலில் பெருமையாக இதைச் சொன்னபோது, அறைத்தோழிகள் இருவரும் கட்டிலில் விழுந்து சிரித்தார்கள். போனை கட் பண்ணுவதற்கு 'கட் மாட்தீனி' என்று சொல்ல வேண்டுமாம். நான் நடுவில் இருந்த மாட்டை அவிழ்த்து விட்டுவிட்டேன். மாடு இல்லாத கட்தீனிக்கு, நம் ஊரைப் போலவே, கட்டுகிறேன் என்றுதான் பொருள். ஆகமொத்தம், மஞ்சுநாத் வீட்டில் இல்லை, பணத்தை நான் இப்போதே கட்டுகிறேன் என்று சாட்சி வைத்து ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

மறுநாளிலிருந்து தினமும் ஏழெட்டு தடவை போன் வந்தது. ஒரு நம்பரை பிளாக் செய்தால் இன்னொரு நம்பரில் அதே குரல். பேச்சுக்குப் பேச்சு 'அல்வா, அல்வா' என்றார். கன்னடத்தில் 'இல்லையா' என்று கேட்பது அது. நான் அவர் நம்பர்களை எல்லாம் அல்வா ஒன்று, அல்வா இரண்டு என்று போனில் சேமித்து வைத்தேன். தமிழில் சொல்லிப் பார்த்தேன், இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்களே கட்றேன்னு சொன்னீங்க அல்வா?" என்பார். அல்வா ஆறு வந்த அன்று எனக்குப் பொறுக்கவில்லை.

"தைரியம் இருந்தா நேர்ல வாய்யா. நாகரசம்பட்டி, தண்ணி டேங்குக்குப் பின்னாடி வீடு. ஞாயித்துக்கெழம இருப்பேன்" என்றேன். இதை மட்டும் பிழையில்லாத தமிழில் சொன்னேன். (கடன் வசூலிக்கிற ஆளுக்குத் தானே விலாசம் கொடுத்தவள் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருத்திதான் இருப்பேன்.)

அதே வாரம் அம்மா போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்களாம். போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை, பெயர் சக்திவேல். அதற்கு முன் வந்த மூன்று வரன்களும், கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிட வேண்டும் என்று சொல்லித் திரும்பிப் போனவை. சக்திவேல் மட்டும் போனில் பத்து நிமிஷம் பேசியபோது, "கம்பெனி பஸ்ஸு நம்ம ஊரு வழியாவும் போவுதுங்க, நான் விசாரிச்சேன்" என்றார். எனக்கு அது போதும். இந்த ஆள் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் அல்வாவுக்குக் கொடுத்த அழைப்பு சுத்தமாக மறந்துபோயிற்று.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையும் அவர் தம்பியும் ஒரே துணியில் எடுத்த ஒரே நிறச் சட்டையில், ஹாலில் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். நான் அடுக்களைக் கதவுத் திரைக்குப் பின்னால் காபித் தட்டோடு நின்றேன். கேசரி, வாழைக்காய் பஜ்ஜி ஒரு சுற்று போயிருந்தது. அப்போது வாசலில் ஒரு பைக் நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு, தோளில் பையோடு ஒருவர் உள்ளே வந்தார்.

அப்பா, மாப்பிள்ளையின் சொந்தம் யாரோ பின்னால் வண்டியில் வருகிறார் என்று நினைத்தார். "வாங்க வாங்க, வழி கண்டுபுடிச்சு வந்துட்டீங்களா? உக்காருங்க" என்று நாற்காலி போட்டார். மாப்பிள்ளை வீட்டார், பெண்ணின் தாய்மாமன் போல என்று எழுந்து கும்பிட்டார்கள். வந்தவர் ஆயுளில் எந்த வீட்டிலும் இப்படி ஒரு வரவேற்பைக் கண்டிருக்க மாட்டார். திகைத்துப்போய் உட்கார்ந்து, கொடுத்த கேசரியைத் தின்றார். இரண்டு பஜ்ஜியும் தின்றார். பிறகு வந்த வேலை ஞாபகம் வந்திருக்க வேண்டும். கையைத் துடைத்துக்கொண்டு, ஒரே சட்டை போட்ட இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரி, இதுல யாரு கட்டறது?"

எந்த மாப்பிள்ளை என்று தாய்மாமன் கேட்கிறார், நியாயம்தானே. சக்திவேல் எழுந்து நின்று, வெட்கத்தோடு, "நான்தாங்க கட்டறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

"எப்ப கட்டுவீங்க?"

"வைகாசியில கட்டலாம்னு இருக்கறோம்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"வைகாசியா? அவ்ளோ நாள் எல்லாம் தள்ள முடியாதும்மா. இன்னிக்கே கட்டணும்."

"இன்னிக்கேவா? நாளு கெழம பாக்க வேணாமுங்களா?"

"என்ன நாளு? ஏற்கனவே மூணு மாசம் ஆயிடுச்சு, அல்வா?"

அந்த அம்மா கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டார். என் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். எனக்கோ 'அல்வா' என்ற சொல் காதில் விழுந்ததும் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

அப்பாதான் மெல்லக் கேட்டார். "நீங்க... மாப்பிள்ளைக்கு என்ன வேணும்?"

"நான் லோன் ஆபீஸ்ல இருந்து வரேன் சார். இந்த வீட்டுப் பொண்ணோட புருஷன் மஞ்சுநாத் எங்க?"

மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார். வேனில் வந்தவர்கள் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். சக்திவேல் மட்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. திரைப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எழுந்தால் போச்சு என்று எனக்குத் தெரிந்தது. அழத்தான் தோன்றியது. அழுதிருந்தால் மஞ்சுநாத்தை மறக்க முடியாமல் அழுகிறாள் என்று சொல்லியிருப்பார்கள். தட்டோடு நேரே ஹாலுக்குப் போனேன். குனிந்த தலை எல்லாம் கிடையாது. முதல் காபியை அல்வாவிடம் நீட்டினேன்.

"குடிங்க. அந்த ஃபைல எடுங்க. அஞ்சு கேள்வி கேக்கறேன், பதில் சொல்லிட்டுப் போலாம்."

எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. பழுதான பாகம் ஒன்று வந்தால், யாரையும் திட்டுவதற்கு முன் ஐந்து தடவை 'ஏன்' கேட்க வேண்டும். ஒய்-ஒய் என்பார்கள். ஐந்தாவது ஏனில் கோளாறு எங்கே என்பது வெளியே வந்துவிடும்.

"ஏன் இந்த வீட்டுக்கு வந்தீங்க?"

"உங்க நம்பருக்குப் பேசினப்ப நீங்கதான் விலாசம் சொன்னீங்க."

"ஏன் என் நம்பரு?"

"மஞ்சுநாத் லோன் ஃபார்ம்ல இதே நம்பர்தான் இருக்கு."

"ஏன் இருக்குது? ஃபார்ம் எப்ப போட்டதுன்னு பாருங்க."

பார்த்தார். நான் உள்ளே போய் தகரப் பெட்டியிலிருந்து சிம் வாங்கிய ரசீதை எடுத்து வந்தேன். (க்யூசிக்காரி ஒரு துண்டுச் சீட்டையும் தூக்கிப் போட மாட்டாள்.) ஃபார்ம் போட்டு எட்டு மாதம் கழித்துத்தான் அந்த நம்பர் என்னிடம் வந்திருக்கிறது. அல்வா காபியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"சரி, நாலாவது. ஏன் என்னை அவரு சம்சாரம்னீங்க?"

அவர் ஃபைலின் கடைசித் தாளைத் திருப்பிக் காட்டினார். முதல் போனைப் பற்றிய குறிப்பு இங்கிலீஷில் இருந்தது. நான் சத்தமாகத் தமிழில் படித்தேன். "மனைவி போனை எடுத்தார். கணவர் வீட்டில் இல்லை. எங்கே போனார் என்று மனைவிக்கும் தெரியவில்லை. உடனே கட்டுவதாகச் சொன்னார்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் கேன்டீன் கதையை, அவிழ்த்து விட்ட மாடு உட்பட, ஒன்று விடாமல் சொன்னேன். மானம் போனால் போகட்டும், மாப்பிள்ளை போகக் கூடாது.

ஐந்தாவது கேள்வியை நான் கேட்கவில்லை. சக்திவேல் கேட்டார். எழுந்து வந்து, ஃபார்மை வாங்கி, ஒரு இடத்தில் விரலை வைத்தார். "இதுல கல்யாணம் ஆகாதவருன்னு போட்டிருக்குதுங்களே. ஏன் இதைப் பாக்கல?"

போச்சம்பள்ளியிலும் ஒய்-ஒய் உண்டு என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு வந்த பிரியத்துக்கு அளவே கிடையாது.

அல்வா தலையைச் சொறிந்தார். "டார்கெட் இருக்கு சார். எல்லாத்தையும் படிச்சிட்டிருந்தா முடியாது."

"எங்க லைன்லயும் டார்கெட் இருக்குது. அதுக்காக பிரேக்க சரியா பாக்காம அனுப்பறமா?" என்றேன். அவருடைய மேனேஜருக்கு ஸ்பீக்கரில் போன் போட வைத்தேன். மேனேஜர் என் நம்பரை எடுத்துவிடுவதாகச் சொன்னதைப் பதிவு செய்தேன். பிறகு ஒரு வெள்ளைத்தாள் கொடுத்து, இந்த நம்பருக்கும் இந்த வீட்டுக்கும் கடனுக்கும் சம்பந்தமில்லை, நான் மஞ்சுநாத்தின் மனைவியும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். போட்டார். கீழே நானும் போட்டேன். சாட்சிக்கு ஆள் வேண்டும் என்றேன். சக்திவேல் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார்.

கடைசியாக, என் கைப்பையில் கிடந்த சிவப்பு ரிஜெக்ட் அட்டை ஒன்றை எடுத்து அவர் ஃபைலில் மாட்டி அனுப்பினேன். பாவம், வாசல்வரை போய்த் திரும்பி, "கேசரி நல்லா இருந்துச்சும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாப்பிள்ளையின் அம்மா கழற்றிய செருப்பை மாட்டவே இல்லை. உள்ளே வந்து உட்கார்ந்து, தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "நம்ம ரேஷன் கடைக்காரன் மூணு வருசமா என்னை ஏமாத்தறான். இந்தப் பொண்ண ஒரு தடவ அனுப்பினா போதும்" என்று மகனிடம் சொன்னார். எங்கள் கல்யாணம் நிச்சயமானது அந்த வாக்கியத்தில்தான்.

வைகாசியில் முகூர்த்தத்தின்போது, தாலியை எடுத்துக் கையில் கொடுத்த நேரத்தில், கொழுந்தனார் பின்னாலிருந்து, "இதுல யாரு கட்டறது?" என்று கேட்டார். மண்டபமே சிரித்தது. இவர் நிதானமாக, "நான்தாங்க கட்டறேன்" என்று சொல்லிவிட்டுக் கட்டினார்.

அந்த வெள்ளைத்தாள் லேமினேட் செய்து பீரோவில் இருக்கிறது. கல்யாணப் பதிவுச் சான்றிதழும் அதே உறையில்தான். நாங்கள் இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட முதல் காகிதம், நான் வேறொருவர் பெண்டாட்டி இல்லை என்பதற்கானது.

எங்கள் வீட்டில் கரண்ட் பில் வந்தால் இன்றும் பேச்சு ஒரே மாதிரிதான் போகும். போன வாரமும் மாமியார் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, "யாரு கட்டறது?" என்று குரல் கொடுத்தார். உள் அறையிலிருந்து இவர், "மஞ்சுநாத்த கேளும்மா" என்றார்.

நானும் மாமியாரும் ஒரே குரலில் சொன்னோம்.

"மஞ்சுநாத் மனெயல்லி இல்ல."