மூன்று ராஜ்யங்களுக்கு ஒரு கதைவசனம்

மொழிவாரியாக ராஜ்யங்களைப் பிரித்த ஆண்டில், கலைஞர்களின் காகிதங்களைக் கரையான் தின்கிறதே என்று சர்க்காருக்குத் திடீரென்று துக்கம் பொங்கியது. ஓசூரில் அதற்கென ஓர் அலுவலகம் திறந்தார்கள். காகிதங்களை ஒப்படைத்துச் சான்று வாங்காதவர்களுக்குப் பிலிம் சுருள் கிடையாது என்றும் உத்தரவு போட்டார்கள். இதற்குக் கரையானே தேவலை என்று திம்மப்பன் நினைத்தான். ஆனால் கரையானிடம் பிலிம் இல்லையே!

உத்தனப்பள்ளி உழவர் விடுதலைப் படக் குழுவுக்கு அவன்தான் தலைவன், கதைவசனமும் அவனே. குழு என்றால் திம்மப்பன், கிருஷ்ணப்பன், வெள்ளையம்மா என்று மூன்று குத்தகைக்காரர்கள். பெங்களூரில் ஒரு பழைய கேமராவைக் கூட்டாக வாங்கியிருந்தார்கள். ராகி அறுப்பு முடிந்ததும் மூவரையும் நிலத்தைவிட்டு விரட்டப்போவதாகப் பண்ணையார் சொல்லிவிட்டார். அதற்குள் படமெடுத்து ஊரூராகக் காட்டி ஜனங்களைத் திரட்ட வேண்டும்.

கதைவசனத்துக்கு ஒரே பிரதிதான். அதில், ஊரில் நடக்கிறபடியே, குத்தகைக்காரி தெலுங்கில் கேள்வி கேட்பாள், பண்ணையார் கன்னடத்தில் ஏசுவார், தாசில்தார் தமிழில் பதில் சொல்வார்.

ஓசூர் அலுவலகத்தில் திம்மப்பன் அதை நீட்ட, அதிகாரி புரட்டிப் பார்த்தார்.

"இது என்ன மொழி?"

"மூணும்தானுங்க. எங்க ஊரே அப்படித்தானுங்க சார்."

"ஊர் எப்படியோ கிடக்கட்டும். காகிதம் ஒழுங்காக இருக்க வேண்டும். அந்தந்த மொழி அந்தந்த ராஜ்யத்துக்குப் போயாக வேண்டும்."

"ஒரே பக்கத்துல கலந்து கெடக்குதுங்களே?"

"கத்தரிக்கோல் எதற்கு இருக்கிறது?"

ஓர் எழுத்துக்கும் சேதமில்லாமல் வெட்டினார். அந்தத் திறமையைக் குறை சொல்ல முடியாது. கேள்விகள் ஆந்திராவுக்கும் வசவுகள் மைசூருக்கும் தபாலில் போயின. சென்னை ராஜ்யத்துக்குப் பதில்கள் மட்டும் மிஞ்சின. அதிகாரி உரக்கப் படித்தார்: "ஆகட்டும், பார்க்கலாம். மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம். அழாமல் வரிசையில் நில்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நிர்வாகத்தின் கருணையை இதுவரை யாரும் இப்படி எழுதியதில்லை ஐயா!" என்று சொல்லி, 'பழுதின்றிப் பாதுகாக்கப்பட்டது' என்று சான்றும் பிலிம் சுருளும் கொடுத்தார்.

திம்மப்பன் விடவில்லை. "எங்க கதைய முழுசாத் திருப்பிக் குடுங்க சார்!"

"தாராளமாக. குழுவினர் எல்லாரும் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுங்கள். மூன்று துண்டையும் வரவழைத்து ஒட்டித் தருகிறோம்."

அன்று சாயங்காலமே குழு கூடியது.

"மனுவக் கன்னடத்துல எழுதுப்பா. நான் பேசறது அதுதான்" என்றான் கிருஷ்ணப்பன்.

"படத்துல நாயம் கேக்கறவ நானு. தெலுங்குலதான் எழுதணும். இல்லாட்டி நான் கைநாட்டு வெக்க மாட்டேன்" என்றாள் வெள்ளையம்மா.

ஏதோ ஒன்றில் எழுதித் தொலைக்கலாம் என்றுதான் திம்மப்பனுக்கு முதலில் தோன்றியது. ஆனால் தலைவனாயிற்றே!

"தமிழ்லதான். இஷ்டமில்லாதவங்க போலாம்."

போனார்கள். சும்மா போகவில்லை. கிருஷ்ணப்பன் கேமராப் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். வெள்ளையம்மா லென்சைக் கழற்றி மடியில் முடிந்துகொண்டாள். திம்மப்பனுக்குப் பிலிம் சுருளும் கேமராவின் முக்காலியும் கொள்கையும் மிச்சம். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கூத்தாடிகளே மூன்றுபட்டார்கள். ஆளுக்கொரு மனு போயிற்று. ஒரே மனுவாக இல்லை என்று மூன்றும் திரும்பி வந்தன.

அறுப்பு முடிந்தது. பண்ணையார் ஆட்களோடு வந்து வரப்பில் நின்று, "வெளியே போங்கள்" என்றார், கன்னடத்தில். மூன்று பேருக்கும் உடனே புரிந்தது.