முப்பத்தொரு புள்ளி வாங்கிய குளம்

கணக்குப் போட்டுப் பார்க்காமல் எதையும் அழகு என்று ஒப்புக்கொள்ளாத மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவரும் கல்முனையில், எங்கள் அரசாங்கக் கந்தோரில், என் பக்கத்து மேசையில்தான் இருந்தார்.

கணினிப் பிரிவில் வேலை. எந்தப் படத்தைக் கண்டாலும் போனில் பிடித்து, தானே எழுதிய புரோகிராமுக்குள் போடுவார். அது படத்தைப் பல இலட்சம் புள்ளிகளாக உடைக்கும். எந்த நிறம் எவ்வளவு, இடமும் வலமும் ஒத்துப்போகின்றனவா, பார்ப்பவர் கண் எங்கே போய் நிற்கும் என்றெல்லாம் கணித்து, நூற்றுக்கு இத்தனை என்று புள்ளி போடும். அதனால் அவர் எங்களுக்குப் புள்ளிக் காக்கா; எங்கள் ஊரில் காக்கா என்றால் அண்ணன். கலண்டர் படம், பிஸ்கட் டின் மூடி, ஆட்டோவின் முதுகிலிருக்கும் மயில், ஒன்றும் தப்பாது. மருதமுனையில் ஒரு கல்யாண வீட்டுச் சுவரில் தொங்கிய நீர்வீழ்ச்சிக்கு நாற்பத்திரண்டு கொடுத்து, பெண்ணின் வாப்பாவிடம் புரியாணி கிடைக்காமல் திரும்பியவர்.

ஒருநாள் கந்தோர்த் தலைவரான எங்கள் பெரிய சேர், தன் மனைவி வரைந்த சாகாமம் குளத்தை வரவேற்பறைச் சுவரில் மாட்டிவிட்டு, "எப்பிடி?" என்றார். நாங்கள் எல்லோரும் "மாஷா அல்லாஹ்" என்றோம். காக்கா போனை எடுத்தார். அவர் காலை மிதித்தேன். பலனில்லை.

"முப்பத்தொண்டு, சேர்."

"எத்தினைக்கு?"

"நூத்துக்கு."

மறுநாளே இடமாற்றக் கடிதம் தயாராவதாகப் பேச்சு. காக்காவின் பிள்ளைகள் இங்கேதான் படிக்கிறார்கள்.

"எழுபதெண்டு மாத்திச் சொல்லுங்க காக்கா, ஒரு இலக்கம்தானே," என்று கெஞ்சினேன்.

"பொய்ப் புள்ளி போட ஏலா தம்பி. ஆனா, கணக்கு முப்பத்தொண்டு எண்டுது, கண்ண எடுக்கவும் ஏலாமக் கிடக்கு. எங்கயோ பிழை விட்டிருக்கன்."

அன்றிலிருந்து மணிக்கொரு தடவை அந்தப் படத்தின் முன்னால் போய் நின்றார். தேநீர் ஆறியது. கந்தோரே அவருக்காக இறைவனிடம் துஆக் கேட்டது.

நான்காம் நாள், பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்தோம். மேற்கு யன்னலால் வெயில் சரிந்து படத்தில் விழுந்தது. சாம்பலாகக் கிடந்த தண்ணீர் மெல்லப் பொன்னாகியது. தூரத்து வயல்கள் மூச்சு விடுவதுபோல் இருந்தன. குளத்துக் காற்று முகத்தில் படுகிறது என்றே நினைத்தேன். காக்கா போனை அழுத்த மறந்து நின்றார். பிறகு அழுத்தினார்.

"எழுபத்தெட்டு!"

சத்தம் கேட்டுச் சேர் வெளியே வந்தார். அவரைக் கூட்டிப்போக வந்திருந்த மனைவி வாசலில் நின்றார்.

"ஓம் காக்கா," என்றார் அவர் மெதுவாக. "இந்த நேரத்து வெயில்ல வெச்சு மட்டும்தான் நான் வரைஞ்ச. ஒருத்தரும் கேக்கல்ல."

சேர் தன் மனைவியின் குளத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். கடிதத்தைப் பற்றிப் பிறகு ஒருவரும் கதைக்கவில்லை.

பிள்ளைகள் படித்து முடித்தபின், காக்கா பதவி உயர்வோடு, அந்தச் சாகாமம் குளம் இருக்கும் திருக்கோவில் பக்கம் போய்விட்டார். அவர் மேசைக்குப் புதிதாக ஒருவரை அனுப்பவா என்று மேலிடத்தில் கேட்டார்கள். இப்போதைக்கு வேண்டாம் என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன்.