'க்ளோ'வுக்கு நான்காவது பொருள்

திங்கட்கிழமை காலை ஏழே காலுக்கு, கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக, அகராதிக்காரர் தம் மனைவியைப் பார்த்து, "உன் முகம் இன்னைக்கு ஒளி வீசுது" என்றார்.

மனைவி வாயிலிருந்து பிரஷை எடுத்தாள்.

"என்ன சொன்னீங்க?"

"முகம். ஒளி வீசுது."

அவள் வாயைக் கொப்பளித்துவிட்டு, வேலைக்குக் கொண்டுபோகும் பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்தாள். கிளினிக்கில் நர்ஸ். பத்தொன்பது வருஷ அனுபவம்.

"உட்காருங்க. மேல பாருங்க. எப்போலேர்ந்து இப்படி ஒளி தெரியுது? ரெண்டு கண்ணுலயுமா, ஒரு கண்ணுலயா?"

"என் கண்ணுல இல்ல. உன் முகத்துல."

"வர்றவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்றாள் அவள், இமையை விரலால் தூக்கிப் பிடித்தபடி.

அந்த மனுஷர் மேல் பழி போடுவதற்கு முன்னால் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அவர் முப்பத்தொரு வருஷமாக ஓர் ஆங்கிலம்–தமிழ் அகராதி தயாரிக்கும் ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர். ஒரு சொல்லுக்கு ஒரு கார்டு. கார்டில் பொருள், அதற்குக் கீழே ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம். இந்த முறை அவருக்கு வந்த சொல் 'க்ளோ' (glow). கூடவே கார்டின் அடியில் புதிதாக ஒரு கட்டமும் அச்சாகி வந்திருந்தது: 'இவ்வாக்கியத்தைச் சொன்னவர் (வீட்டில் உள்ளவராக இருத்தல் வேண்டும், கேட்டு வாங்கலாகாது).'

தலைமை ஆசிரியரான பெரியவர் எழுத்தில் போட்ட எதையும் அவர் ஏன் என்று கேட்டதில்லை. வெள்ளிக்கிழமைக்குள் கார்டு நிரம்பாவிட்டால், அகராதியின் முதல் பக்கத்தில் வரும் தொகுப்பாளர் பட்டியலில் பெயர் இருக்காது என்றும் பெரியவர் சொல்லியிருந்தார். முப்பத்தொரு வருஷத்துக்கு அவருக்குக் கிடைக்கப்போவது அந்த ஒரு வரிதான். அதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

முதல் மூன்று பொருளுக்கும் சிரமமில்லை. பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்ததில் தானாக வந்து விழுந்தன. "கொசுவத்தி இன்னும் கனன்னுக்கிட்டு இருக்கு, திரைச்சீலைப் பக்கத்துல வைக்காதீங்க" என்று மனைவி சொன்னாள். "இருட்டுல இந்த வாட்ச் முள்ளு பச்சையா மின்னுது" என்று மகள் சொன்னாள். மகள் ஓடிவிட்டு வந்தபோது, "கன்னம் ரெண்டும் செவந்து ஜொலிக்குது பாரு" என்று மறுபடி மனைவி.

நான்காவதில்தான் வண்டி நின்றுவிட்டது. 'உள்ளத்தில் பரவும் இதமான நிறைவு. அது முகத்தில் தெரிதல்.' மூன்று வாரம் காத்திருந்தார். அந்த வீட்டில் அப்படியொரு பேச்சை யாரும் பேசவில்லை. சரி, நாம் ஆரம்பித்து வைத்தால் பதிலுக்கு ஏதாவது வரும் என்று கணக்குப் போட்டார். வந்தது டார்ச்.

செவ்வாய்க்கிழமை கொஞ்சம் மாற்றிப் பார்த்தார். ஒளி என்ற பேச்சை எடுத்ததால்தான் வம்பு என்று தோன்றியது. சாப்பாட்டு மேஜையில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உன்னைப் பார்த்தா மனசுக்கு இதமா இருக்கு" என்றார்.

மகள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்பா, ஆபீஸ்ல ஏதாவது பிரச்சினையா?"

"இல்லையே."

"ஏதாவது தப்புப் பண்ணிட்டீங்களா?"

"இல்லம்மா."

"அப்போ ஏன் அம்மாகிட்ட இப்படியெல்லாம் பேசறீங்க?"

மனைவி மகளின் கையை அழுத்தினாள். "நேத்து கண்ணு, இன்னைக்கு நெஞ்சு. நீ சும்மா இரு. நாளைக்கு லீவு போட்டுட்டு நானே கூட்டிட்டுப் போறேன்."

வர முடியாது என்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் வாக்கியம் தானாக வந்ததாக ஆகாது. ஆகவே புதன்கிழமை காலை அவர் நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

கண் டாக்டர் இளவயசுக்காரர், பொறுமைசாலி.

"ஒளி எதைச் சுத்தித் தெரியுது சார்? பல்பைச் சுத்தியா?"

"மனைவி முகத்துல."

"மத்தவங்க முகத்துல?"

"மத்தவங்க முகத்துல ஒண்ணும் தெரியல."

"இப்போ என் முகத்துல?"

அகராதிக்காரர் டாக்டரைக் கவனமாகப் பார்த்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். "சுத்தமா இல்ல" என்றார்.

டாக்டர் பேனாவை எடுத்து, ஸ்கேன் ஒன்று, ரத்தப் பரிசோதனை நான்கு எழுதி, ரெண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விடச் சொன்னார். ஆறு மணி நேரத்துக்கு எழுத்துப் படிக்க முடியாது என்றார் அங்கிருந்த நர்ஸ். அகராதிக்காரருக்கு இதற்குமேல் என்ன கெட்டுவிட வேண்டும் என்று இருந்தது.

வெளியே பெஞ்சில் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் விரல்கள் அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தன. நாடி பார்க்கிறாள் என்று நினைத்தார். வெகுநேரம் ஆகியும் அவள் கையை எடுக்கவில்லை.

"என்கிட்ட மறைக்காதீங்க" என்றாள். "எதுவா இருந்தாலும் பார்த்துக்கலாம்."

அவருக்குப் பொறுக்கவில்லை. பெயர் போனால் போகட்டும் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்: கார்டு, கட்டம், வெள்ளிக்கிழமை, முதல் பக்கம்.

"வீட்ல இருக்கறவங்க வாயால வரணுமா?" மனைவி மெதுவாகக் கேட்டாள். "யாரு சொன்னது? உங்க பெரியவரா?"

"ஆமா."

அவள் சட்டென்று கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். மருந்து விட்ட கண்ணுக்கு அவள் முகம் தெரியவில்லை. தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. அழ வைத்துவிட்டோமே என்று நினைத்தார். இத்தனை வருஷத்தில் நல்லதாக ரெண்டு வார்த்தை சொன்னது, அதுவும் ஒரு கார்டுக்காக என்று ஆகிவிட்டதே.

"கார்டுக்காகத்தான் சொன்னேன்" என்றார். "ஆனா பொய் சொல்லல. சொல்றதுக்காக உன்னைப் பார்த்தேனா, பார்த்தா நிஜமாவே அப்படித்தான் இருந்துச்சு."

தோள் குலுங்குவது நின்றது.

"திங்கக்கிழமை கிளினிக்ல ஊசி போட வந்த குழந்தைகூட என்னைப் பார்த்து அழல" என்றாள் மனைவி. "பயமாத்தான் இருந்துச்சு, உங்களுக்கு என்னவோ ஏதோன்னு. அதுக்குள்ளயும் நாள் முழுக்க நெஞ்சுக்குள்ள யாரோ விளக்கைப் போட்டுட்டு அணைக்க மறந்துட்டுப் போன மாதிரி இருந்துச்சு."

அகராதிக்காரரின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. நான்காவது பொருள். வீட்டில் உள்ளவர், கேட்காமல் சொன்னது. இதைவிட ஒரு வாக்கியம் இந்த ஜென்மத்தில் கிடைக்காது. பேனாவின் மூடியைக்கூடக் கழற்றிவிட்டார். அப்புறம் மூடியைத் திரும்ப மாட்டிப் பேனாவைப் பையில் போட்டுக்கொண்டார். அதை முன்பின் தெரியாத ஜனங்கள் படிப்பதற்கு அச்சில் போட அவருக்கு மனசு வரவில்லை.

"வீட்டுக்குப் போலாமா?" என்றார்.

"கண்ணு தெரியாது. கையைப் பிடிச்சுக்கிட்டு வாங்க" என்றாள் அவள். அவர் பிடித்துக்கொண்டு போனார். தெருமுனை வரைக்கும் பேசிக்கொண்டே போனார்.

வெள்ளிக்கிழமை ஆபீஸில் பெரியவர் அறை பூட்டியிருந்தது. அகராதிக்காரர் டைப்பிஸ்ட் அம்மாவின் மேஜைக்குப் போய், நான்காவது வரி காலியாக இருந்த கார்டை வைத்தார். முப்பத்தொரு வருஷத்தில் அவர் அரைகுறையாகக் கொடுத்த முதல் கார்டு.

"வாக்கியம் கிடைச்சுது. தர முடியாது" என்றார். "பட்டியல்லேர்ந்து என் பேரை எடுத்துடுங்க."

டைப்பிஸ்ட் அம்மா மூக்குக் கண்ணாடியை இறக்கி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பேர்ப் பட்டியல் போன மாசமே அச்சாயிடுச்சு சார், உங்க பேர் ரெண்டாவதா இருக்கு, அந்தக் கட்டம் உங்க கார்டுக்கு மட்டும்தான் போட்டது, உங்க வீட்டம்மா வந்து, 'அவரு வீட்டுல வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசற மாதிரி ஏதாவது ஒரு வேலை குடுங்கய்யா'ன்னு பெரியவர்கிட்ட கேட்டுட்டுப் போனாங்க."