ஐரோப்பியக் கணக்கில் ஊதிய மாப்பிள்ளை

புதிதாகப் பட்டம் வாங்கிய டாக்டருக்குத் தெரியாத விஷயம் உலகத்திலேயே கிடையாது. நெஞ்சுநோய்ப் படிப்பு முடித்த வருஷம் எனக்கு அந்தச் சர்வஞானம் உச்சத்தில் இருந்தது. அப்போதுதான் காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் சாயப்பட்டறைத் தொழிலாளர்களுக்கு நுரையீரல் முகாம் நடத்தினோம்.

குழாயில் ஊதினால் மூச்சின் அளவைச் சொல்லும் கருவி. வயது, உயரம் எல்லாம் கொடுத்துவிட்டு, எந்த நாட்டு மக்களின் அளவோடு ஒப்பிட வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். அது ஐரோப்பியர் கணக்கில் இருந்தது. கூடப் படித்த யூசுப், "நம்ம ஊர் கணக்கும் உள்ள இருக்குது, மாத்திடு" என்றான். நான் அவனைப் புழுவைப் பார்ப்பதுபோல் பார்த்தேன். "நுரையீரலுக்கு ஏதுப்பா பாஸ்போர்ட்?" என்றேன். (இந்த மாதிரி வசனமெல்லாம் அப்போது எனக்குத் தானாகவே வரும். என்ன செய்ய!)

காலையில் ஊதியவர்களில் பாதிப் பேருக்கு மேல் நுரையீரல் சுருக்கம் என்று வந்தது. சாயப்புகையின் கொடுமையைக் கண்டுபிடித்த மேதை நான்தான் என்று பூரித்துப்போனேன். பாராட்டு விழாவில் பேச வேண்டியதற்கு மனசுக்குள் ஒத்திகையே நடந்தது.

அந்த நேரத்தில் சரவணன் தன் அம்மாவோடு வந்தார். எனக்கு நிச்சயித்திருந்த மாப்பிள்ளை. வாலாஜாபாத்தில் விளையாட்டு ஆசிரியர். தினமும் விடியற்காலையில் தென்னேரி ஏரிக்கரையில் ஓடுகிறவர். என் பெருமையைப் பார்க்க வந்தவரை உட்காரவைத்து ஊதச் சொன்னேன். கன்னம் உப்ப, கண் பிதுங்க ஊதினார். சுருக்கம். மறுபடியும் ஊதினார். அதே சுருக்கம்.

கொஞ்சம் மூளை இருக்கிறவள் கருவியைச் சந்தேகப்பட்டிருப்பாள். நான் மாப்பிள்ளையைச் சந்தேகப்பட்டேன். வரிசை முழுக்கக் கேட்கும்படி, "உங்களுக்கு நுரையீரல் சுருங்கியிருக்கு. ஓடறத நிறுத்துங்க" என்று தீர்ப்புச் சொன்னேன்.

மத்தியானத்துக்குள் செய்தி எங்கள் வீட்டுக்குப் போய், அப்பா மண்டபத்துக்கே வந்துவிட்டார். நோயை மறைத்துப் பெண் கேட்டதாக அவர் குதித்தார். நல்லா இருந்த பிள்ளையை ஊரறிய நோயாளியாக்கிய மருமகள் வேண்டாம் என்றார் சரவணனின் அம்மா. தட்டு மாற்றிய சம்பந்தம் முகாம் வரிசைக்குப் பக்கத்திலேயே முறிந்துகொண்டிருந்தது. சரவணன் மட்டும் மெதுவாக, "நீ ஒருவாட்டி ஊதிப் பாரேன்மா" என்றார்.

ஊதினேன். எனக்கும் சுருக்கம். அப்பா ஊதினார். அவருக்கும்.

"ஐரோப்பாக்காரங்களவிட நமக்கு மூச்சு அளவே கொஞ்சம் கம்மி" என்று யூசுப் கணக்கை நம் ஊருக்கு மாற்றினான். எங்கள் மூன்று பேர் நுரையீரலும் ஒரே பொத்தானில் விரிந்துவிட்டன. சரவணனின் அம்மா திரையை எட்டிப் பார்த்தார். "வட இந்தியா, தென் இந்தியான்னு போட்டுக்கினு இருக்குதே, காஞ்சிபுரத்துக்குத் தனியா இல்லியாமா?" என்று கேட்டார்.

புதுக் கணக்கிலும் ஒரு வினை இருந்தது. இரைத்துக்கொண்டே வந்த தொழிலாளி ஒருவரையும் அது நலம் என்று அனுப்பப் பார்த்தது. நல்லவேளையாக மேதைக்கு அதற்குள் பயம் வந்திருந்தது. ஸ்டெதஸ்கோப்பை அவர் முதுகில் வைத்தேன். விசில் கேட்டது. அவரைச் சிகிச்சைக்கு அனுப்பிவிட்டு, காலையில் பயமுறுத்தி அனுப்பியவர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டு அசடு வழிந்தேன்.

கல்யாணம் எப்படியோ நடந்துவிட்டது. சரவணன் இன்றும் ஏரிக்கரையில் ஓடுகிறார். ஆனால் வாசலில் கேஸ் சிலிண்டர் வந்து இறங்கினால் மட்டும் நாற்காலியை விட்டு அசைவதில்லை. "ஐரோப்பா கணக்குல நான் பேஷண்ட்மா" என்கிறார். சமையலறை வரை நான்தான் உருட்டிக்கொண்டு போகிறேன்.